பழைய மஹிந்திரா ஜீப்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

எம்எம் 540, சிஜே, ஃபோர் வீல் கமாண்டர், மேஜர் என்று பெயர் எதுவாக இருந்தாலும் அடியில் படுத்துப் பார்த்தால் ஒரே குடும்பம்தான். முன்னும் பின்னும் திட ஆக்சில், லீஃப் பட்டை, கியர் லிவர் பக்கத்திலேயே இன்னும் இரண்டு குட்டி லிவர். எம்எம் 540 போன்றவற்றில் பியூஜோ வழி வந்த டீசல் எஞ்சின் இருக்கும். இந்த வண்டிகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் சிலதான். ஆனால் பட்டறைக்குப் போனதும் எடுத்த எடுப்பில் விலை கூடிய பாகத்தின் மேல்தான் பழி விழுகிறது. ஸ்டியரிங் ஆடினால் ஸ்டியரிங் பாக்ஸ், ஸ்டார்ட் ஆகாவிட்டால் டீசல் பம்ப், சூடானால் எஞ்சின் பிரித்து வேலை. பெரும்பாலும் அதற்கு முன்பே, சில்லறைச் செலவில் முடிகிற காரணம் ஒன்று ஒளிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவு கூடும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

அடியில் படுப்பதற்கு முன்

இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக்கை நம்பாதீர்கள். பல பழைய மாடல்களில் அது பின் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்னால் ஒரு டிரம் இருக்கும், அது ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை, அதாவது ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டைப் பிடிக்கும். ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாலே, டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கச் சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) வழியாகத் தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நகர்ந்துவிடும். பின் ஷாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். கீழே நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாமல் ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்ட் வையுங்கள். செங்கல் அடுக்குவது வேண்டவே வேண்டாம், பாரம் ஏறினால் சொல்லாமல் உடையும்.

ஸ்டியரிங் ஆடுகிறது

எப்படி ஆடுகிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

*குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கி, அதைத் தாண்டினால் நின்றுவிடுகிறது.* டயர் அல்லது ரிம். காற்றளவைப் பாருங்கள், டயரில் புடைப்பு இருக்கிறதா என்று கையால் தடவுங்கள், ரிம்மின் உள்பக்கம் காய்ந்த சேறு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் அப்பிய சேறே பேலன்ஸைக் கெடுக்கும். கழுவியும் போகாவிட்டால் வீல் பேலன்ஸிங்.

*ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன் பக்கம் முழுவதும் வெறிபிடித்த மாதிரி ஆடுகிறது, கிட்டத்தட்ட நிறுத்தினால்தான் அடங்குகிறது.* பட்டறையில் வாப்ளிங் என்று சொல்வது இதைத்தான். முன் பக்கம் எங்கோ தளர்ந்திருக்கிறது. பள்ளம் அதைக் கிளப்பிவிடுகிறது, அவ்வளவுதான்.

எஞ்சினை அணைத்து, சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே, ஒருவரை ஸ்டியரிங்கை இடம் வலமாகச் சின்னதாக அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு இணைப்பாக விரலை வைத்து வாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால் அந்த மூட்டுதான். டிராக் லிங்க், டை ராட் எண்டு, பழைய வண்டியாக இருந்தால் நடுவில் உள்ள பெல் கிராங்க் என்று எதுவும் தப்பக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். இதே சமயத்தில் ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸோடு சேரும் போல்ட்டுகள், யூ போல்ட், ஷாக்கிள் புஷ் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். புஷ் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் ஆக்சிலே பக்கவாட்டில் நகரும்.

அடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருக்கிறதா? இப்போது ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங் தளர்ந்திருக்கிறது, நட்டை டைட் வைத்து லாக் செய்தால் போதும். பிரேக் பிடித்தும் ஆட்டம் இருந்தால் கிங் பின், அதாவது முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சின் பேரிங். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எத்தனையோ பேர் நல்ல ஸ்டியரிங் பாக்ஸை மாற்றியிருக்கிறார்கள்.

கிங் பின் வேலையை வீட்டிலேயே செய்யலாம். சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் உருண்டையான நக்கிளின் மேலும் கீழும் நான்கு போல்ட் வைத்த மூடிகள் இருக்கும், அவற்றுக்கு அடியில் காகிதம் போன்ற மெல்லிய ஷிம்கள். பேரிங் நன்றாக இருந்து தளர்வு மட்டும்தான் என்றால் ஷிம்மைக் குறைத்தாலே போதும். ஆனால் மேலேயும் கீழேயும் சமமாக எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் நக்கிள் நடுவிலிருந்து விலகும், உள்ளே ஆக்சில் ஜாயின்டும் வெளியே சீலும் தேயும். டை ராட், டிராக் லிங்க், சீல் எல்லாவற்றையும் கழற்றிய நிலையில் நக்கிளைக் கையால் திருப்பினால் தானாக விழக்கூடாது, லேசான பிடியோடு முழுத் தூரமும் ஒரே சீராகத் திரும்ப வேண்டும். மேனுவலில் இதற்கு இழுவை அளவு கொடுத்திருப்பார்கள், ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துச் சரிபார்க்கலாம். திருப்பும்போது நடுவில் ஒரு இடத்தில் மட்டும் பள்ளத்தில் உட்கார்வதுபோல் தட்டினால் பேரிங் கப்பில் தடம் விழுந்துவிட்டது. ஷிம் வேலைக்கு ஆகாது, பேரிங்கும் கப்பும் சேர்த்து மாற்றுங்கள்.

*ஆட்டமில்லை, ஆனால் வண்டி நேர்கோட்டில் நிற்காமல் அலைகிறது.* டோ இன், அதாவது முன் டயர்கள் முன்பக்கம் எவ்வளவு உள்நோக்கி இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு முன் டயரின் நடுவிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஹப் உயரத்தில் முன்பக்க இடைவெளியை டேப்பால் அளந்து, வண்டியை அரைச்சுற்று உருட்டி அதே கோடுகளைப் பின்பக்கம் அளங்கள். முன்பக்கம் 1 முதல் 3 மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் சரி. டை ராட் குழாயைத் திருப்பி நீங்களே சரிசெய்யலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஸ்டியரிங் பாக்ஸ். அதன் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கு மேல் இறுக்க வேண்டியிருந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அனுபவமுள்ள ஆளிடம் கொடுங்கள். ஆட்டத்தை மறைக்க டேம்ப்பர் (ஸ்டியரிங் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வாங்கிப் போடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. தளர்ந்த மூட்டு தளர்ந்தபடியே இருக்கும், உங்களுக்குத் தெரியாமல் போவதுதான் மிச்சம்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

*செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது.* பேட்டரி முனைகள், எர்த் கேபிள். எர்த் கேபிள் சேசிஸில் சேரும் இடத்தைக் கழற்றி எமரி ஷீட்டால் பளபளவென்று தேயுங்கள். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டையையும் பாருங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் இந்தப் பட்டை அறுந்தால் கரண்ட் திரும்ப வழியில்லை. இதற்கு அப்புறம்தான் பேட்டரி, அதற்கும் அப்புறம் செல்ஃப் மோட்டார்.

*செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, சைலன்சரில் புகையே இல்லை.* டீசல் போகவில்லை. எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் கேபிள் முழுவதும் திரும்பியிருக்கிறதா, ஸ்டாப் சாலினாய்டு உள்ள வண்டியில் சாவி போட்டதும் டிக் என்று சத்தம் வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

*சுற்றும்போது வெள்ளைப் புகை வருகிறது, கண் எரிகிறது, ஆனால் பற்றவில்லை.* டீசல் போகிறது, சூடு போதவில்லை. பியூஜோ வழி எஞ்சினில் ஹீட்டர் ப்ளக்கைப் பாருங்கள். ப்ளக்குகளுக்கு வரும் பட்டை, வயரைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையை ஒவ்வொரு ப்ளக் தலையிலும் வையுங்கள். எரியாத ப்ளக் போய்விட்டது. நான்குமே எரிந்தால் ப்ளக்குகளுக்குக் கரண்ட் வருகிறதா என்று ரிலேயைப் பாருங்கள். கொடைக்கானல், ஊட்டிக் குளிரில் ஒரு ப்ளக் போனாலே காலை ஸ்டார்ட்டிங் தகராறு செய்யும், சமவெளியில் அதே வண்டி ஒன்றும் தெரியாமல் ஓடும். ஹீட்டர் ப்ளக் இல்லாத டிஐ (டீசலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும்) எஞ்சின் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள்.

ப்ளக் எல்லாம் சரி, வால்வ் கிளியரன்ஸும் சரி, வெயில் காலத்திலும் இதே நிலை என்றால் நாசில் (டீசலைத் தெளிக்கும் பாகம்), பம்ப் டைமிங், கம்ப்ரஷன் மூன்றில் ஒன்று. இங்கே கையை எடுத்துவிடுங்கள். டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜும் நாசில் டெஸ்டரும் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

ஈதர் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். ஹீட்டர் ப்ளக் சூடாக இருக்கும்போது அடித்தால் மேனிஃபோல்டிலேயே வெடிக்கும்.

ஸ்டார்ட் ஆகிறது, சில நொடியில் நின்றுவிடுகிறது

இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் உடனே பற்றி, கொஞ்சம் ஓடி, அணைந்து, பிறகு நெடுநேரம் சுற்ற வைத்தால் லைனில் காற்று. டேங்க் தாழ்வாக இருக்கிறது, ஃபீட் பம்ப் அங்கிருந்து உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சும் பகுதியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டுவதை விட காற்று உள்ளே போவதுதான் அதிகம். ‘எங்கேயும் லீக் இல்லையே’ என்று எல்லோரும் ஏமாறுவது இங்கேதான்.

டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற டியூப் ஒரு அடி வாங்குங்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ஹோஸுக்குப் பதிலாகத் தற்காலிகமாக மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல லைனில் டீசல் அசைவில்லாமல் நிற்பதுபோல் தெரியும். காற்று வந்தால் ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாக ஓடும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் நுரையாகும். அடுத்து அதே டியூபை ஃபில்டருக்கு முன்னால் மாட்டுங்கள். அங்கே குமிழி இல்லையென்றால் ஃபில்டர் கேஸ்கெட் அல்லது தலையில் உள்ள காப்பர் வாஷர். அங்கேயும் இருந்தால் இன்னும் பின்னால் போங்கள்: ஹேண்ட் பிரைமர், ஃபீட் பம்ப் வாஷர், ரப்பர் ஹோஸ், கடைசியாக டேங்கிற்குள் இறங்கும் குழாய். இந்தக் குழாயில் துரு ஓட்டை விழுந்தால் டேங்க் நிரம்பியிருக்கும்போது வண்டி ஓடும், பாதிக்குக் கீழே இறங்கியதும் நிற்கும்.

காப்பர் வாஷரைக் கழற்றினால் புதிதாகப் போடுங்கள், விலை ஒன்றுமில்லை. வேலை முடிந்ததும் ஃபில்டர் மேலுள்ள பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கையால் பம்ப் செய்து இறுக்குங்கள். நாசில் லைனைத் தளர்த்திக் காற்று எடுக்கும்போது கையையும் முகத்தையும் தள்ளி வையுங்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் போனால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லைன் சுத்தம், குமிழி இல்லை, இருந்தும் நிற்கிறது என்றால் பம்ப். அதை வீட்டில் பிரிக்காதீர்கள்.

ஃபோர் வீல் போட்டும் முன் சக்கரம் இழுக்கவில்லை

ஃப்ரீ வீலிங் ஹப் (முன் சக்கரத்தை ஆக்சிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் உள்ள பூட்டு) உள்ள வண்டியில் முதலில் இரண்டு பக்கமும் லாக் நிலையில் இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் லாக் ஆனாலும் இழுக்காது. லாக் ஆகாத பக்கம் டிஃபரன்ஷியல் சும்மா சுற்றிவிடும்.

அப்புறம் இந்தச் சோதனை. எஞ்சினை அணைத்து, ஃபோர் வீல் லிவரைப் போட்டு, கியரிலும் விட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். அதைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றக்கூடாது. சுற்றினால் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பாருங்கள்.

ஷாஃப்டும் கூடச் சுற்றினால்: கோளாறு டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம். லிவர் முழுத் தூரம் போகிறதா, கேபின் தரை ரப்பரில் இடிக்கிறதா, லிவர் பின் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேஸைத் திறக்கும் பேச்சு.

ஷாஃப்ட் நிற்கிறது, சக்கரம் மட்டும் சுற்றுகிறது என்றால்: ஏதோ ஒரு பக்கத்து ஹப் அல்லது ஆக்சில். இரண்டு ஹப்பையும் திறந்து பல் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். ஹப் நன்றாக இருந்தால் ஆக்சில் ஷாஃப்ட் அல்லது அதன் ஜாயின்ட் உடைந்திருக்கும். உள்ளே டிஃபரன்ஷியலின் கிரவுன் பினியன் கியர் வரை போக வேண்டியிருந்தால் அதற்கான ஆளைக் கூப்பிடுங்கள், அந்த செட்டிங்கைக் கண் மதிப்பில் செய்ய முடியாது.

*லோ (இழுவை கூடிய மெதுவான கியர்) விழவே இல்லை.* பெரும்பாலும் கோளாறே இல்லை. வில்லிஸ் என்ற பழைய அமெரிக்க ஜீப் வழி வந்த இரண்டு லிவர் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஃபோர் வீல் போட்டால்தான் லோ விழும், உள்ளே ஒரு இன்டர்லாக் அப்படித் தடுக்கிறது. புதிதாக வாங்கியவர்கள் இது தெரியாமல் லிவரை இழுத்து வளைத்துவிடுகிறார்கள்.

*போட்ட ஃபோர் வீலை எடுக்க முடியவில்லை.* தார் ரோட்டில் ஓட்டினீர்களா? முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. பிடிப்பான தரையில் வளைவு திரும்பினால் ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்ளும். ரிவர்ஸில் நேராகச் சில அடி போய் லிவரை இழுங்கள், வந்துவிடும். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு தேய்ந்த டயர் இருந்தாலும் இதே தொல்லைதான்.

*லோவோ ஃபோர் வீலோ தானாக வெளியே வருகிறது.* ஆயில் அளவைப் பாருங்கள், கியர் பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் தனித்தனியாக. இரண்டும் ஒட்டியே இருக்கும், நடுவில் சீல் தேய்ந்தால் கியர் பாக்ஸ் ஆயில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போய்விடும். ஒன்று வழியும், மற்றது வறண்டு தேயும். கீழே ஒரு சொட்டும் விழாததால் யாருக்கும் சந்தேகம் வராது. டிரான்ஸ்ஃபர் கேஸ் ப்ளக்கைத் திறந்ததும் ஆயில் கொட்டினால் உடனே கியர் பாக்ஸைத் திறந்து பாருங்கள். ஆயில் சரியாக இருந்தும் லிவர் துள்ளினால் ஷிஃப்ட் ஃபோர்க்கின் ஸ்பிரிங், குண்டு, அதற்குமேல் கியர் பல். கடைசி இரண்டும் பட்டறை வேலை.

மலை ஏறும்போது சூடாகிறது

ரேடியேட்டரைப் பின்பக்கமிருந்து, அதாவது எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். புல் விதை, பூச்சி, சேறு எல்லாம் முன்பக்கம் ஒட்டியிருக்கும், முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போகும். ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்கலாம், அதற்கு மேல் தொய்வு கூடாது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர், கீழ் ஹோஸ், ஃபேனைச் சுற்றிய கூடு மூன்றையும் பாருங்கள். அந்தக் கூட்டைக் கழற்றி எறிந்த வண்டிகள்தான் ஏற்றத்தில் முதலில் கொதிக்கின்றன. வேகமில்லாத ஏற்றத்தில் காற்றை இழுப்பது ஃபேன் மட்டும்தானே.

சமவெளியில் ஒழுங்காக ஓடிக் கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது மட்டும் கொதித்தால் ரேடியேட்டர் உள்ளே உப்பு அடைத்திருக்கலாம். கழற்றி ராட் அடிக்க, அதாவது குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்யக் கொடுங்கள். போர் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் ஊற்றுங்கள்.

கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது, எங்கும் கசிவில்லை, ஆறிய எஞ்சினை மூடி திறந்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருகிறது என்றால் ஹெட் கேஸ்கெட். அதற்குமேல் ஓட்டாதீர்கள், ஹெட் வளைந்தால் செலவு பல மடங்காகும்.

முன் சக்கரத்தின் உள்பக்கம் ஒழுகுகிறது, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது

இந்த இரண்டும் பல சமயம் ஒரே கோளாறு. உருண்டை நக்கிளின் மேல் கெட்டியான கிரீஸ் வழிந்தால் வெளி சீல், வீட்டிலேயே மாற்றலாம். உருண்டையின் மேற்பரப்பில் துருக்குழி இருந்தால் அதைத் தேய்த்து வழவழப்பாக்காமல் போடும் புது சீல் சீக்கிரமே கிழியும். மெல்லியதாக, கியர் ஆயில் வாடையோடு ஒழுகினால் ஆக்சிலின் உள் சீல், ஷாஃப்டை உருவ வேண்டும். டிஃபரன்ஷியலின் மூச்சுத் துளை சேற்றால் அடைத்திருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி நல்ல சீலையும் தாண்டி ஆயில் வரும். ஒரு கம்பியால் குத்திப் பார்க்கிற வேலை அது, முதலில் செய்யுங்கள்.

ஆயில் பட்ட பிரேக் லைனரைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது வேண்டாம். சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி வெளியே வரும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் உள்ள பழைய வண்டியில் எங்காவது ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். பெடல் மெதுவாகத் தரை வரை இறங்கினால் வண்டியை நகர்த்தவே நகர்த்தாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

கியர் போட்டதும் ‘டொக்’

ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் முறுக்கி யூ ஜாயின்டைப் பாருங்கள், குறுக்குத் துண்டைச் சுற்றித் துருப்பொடி தெரிந்தால் மாற்றுங்கள். பிறகு யூ போல்ட், எஞ்சின் மவுண்ட், ஸ்லிப் ஜாயின்டின் பல். பினியன் முன்பின்னாக அசைந்தால் மட்டும் பட்டறை.

மாற்றம் செய்த பிறகு வந்த கோளாறு

வண்டி நேற்றுவரை சரியாக இருந்து, டயரோ ஷாக்கிளோ மாற்றிய பிறகு தொல்லை என்றால் மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு மாற்றியதையே பாருங்கள்.

235/75 ஆர்15 டயர் பழைய 6.00-16 டயரின் உயரத்துக்குப் பக்கத்திலேயே வரும், பெரிய வித்தியாசமில்லை. 31 அங்குல டயருக்குப் போனால் உயரம் சுமார் 7 சதவீதம் கூடும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64இல் போகும், ஏற்றத்தில் திணறும், பிரேக் பிடிக்கத் தூரம் கூடும், கிங் பின் சீக்கிரம் தேயும். நீள ஷாக்கிள் போட்டுத் தூக்கினால் ஆக்சில் சுழன்று கேஸ்டர் கோணம் (கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) மாறும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பவில்லையா? அதுதான் அடையாளம், பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். 55 வாட் லைட் இரண்டு சேர்த்தால் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். பழைய ஸ்விட்ச் வழியாக எடுக்காமல் ரிலேயும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸும் போடுங்கள்.

எதை மாற்றுவதற்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் எஃப்.சி.க்குப் போகும்போதும் இது வந்து நிற்கும்.

வண்டியைத் தூக்கியவர்கள் பிரேக் ஹோஸைப் பார்த்தாக வேண்டும். சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்சிலைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். எந்த நிலையிலாவது ஹோஸ் விறைத்து நின்றால், நீள ஹோஸ் வாங்கி மாட்டி, பிரேக் காற்றெடுத்த பிறகுதான் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்க வேண்டும்.